நகர்ந்தது ஆளா, எல்லையா? குடும்ப மரத்தில் இடப்பெயர்வு தவறாகக் காட்டும்போது செய்ய வேண்டியவை

குடும்ப வரலாற்று மென்பொருளில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவது எளிது. ஆளும் தேதியும் ஊரும் தெரிந்தால் வேலை முடிந்தது. குடும்பம் இடம் மாறியதைப் பதியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'இங்கிருந்து அங்கே போனார்கள்' என்று ஒரே கட்டத்தில் எழுதப் பெரும்பாலான மென்பொருள்களில் வழியில்லை. அவற்றுக்குத் தெரிந்தது 'ரெசிடென்ஸ்' எனப்படும் வசிப்புப் பதிவு மட்டுமே: இன்னார், இன்ன காலத்தில், இன்ன ஊரில் இருந்தார். இரண்டு வசிப்புப் பதிவுகளுக்கு நடுவே இருப்பதுதான் இடப்பெயர்வு. மென்பொருள் அதைத் தானாக ஊகித்து வரைபடத்தில் கோடு போட்டுவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களின் விஷயத்தில் இந்த ஊகம் அடிக்கடி பிசகுகிறது. இங்கே ஆட்கள் மட்டும் நகரவில்லை. மாநில எல்லை நகர்ந்தது, ஊர்ப்பெயர்கள் மாறின, ஆண்டுக் கணக்கே வேறொன்றாக இருந்தது. எனவே கீழே எந்த அறிகுறி உங்கள் கண்ணில் பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது இது: உண்மையில் நகர்ந்தது ஆளா, எல்லையா, பெயரா, அல்லது ஆவணம் எழுதப்பட்ட இடம்தான் வேறா? விடை தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

தொடங்குமுன் மரத்தை முழுமையாக ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடங்களை ஒன்றோடொன்று இணைத்த பிறகு பிரிப்பது பெரும் பாடு. நான் சொல்லும் பட்டியல் பெயர்கள் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் உள்ளவை. மற்றவற்றிலும் இதற்கு இணையானவை பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறி: ஊரை விட்டு அசையாத பாட்டி, திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்ததாகக் காட்டுகிறது

தக்கலையில் 1921-இல் பிறந்து, அங்கேயே மணமுடித்து, 1988-இல் அங்கேயே இறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிறப்புக்குச் சான்றாகக் கிடைத்த தேவாலயப் பதிவேட்டில் திருவிதாங்கூர் என்றிருக்கிறது. 1952-இல் பிறந்த மகனின் பிறப்புச் சான்றில் திருவிதாங்கூர்-கொச்சி. இறப்புச் சான்றிதழில் தமிழ்நாடு. மூன்றையும் பார்த்தது பார்த்தபடி தட்டச்சு செய்தால், மென்பொருள் மூன்று தக்கலைகளை உருவாக்கிக்கொள்கிறது. அதன் கணக்கில் இவை மூன்று வெவ்வேறு ஊர்கள். பாட்டி வாழ்நாளில் இரண்டு முறை வீடு மாறியவராகிவிடுகிறார்.

சோதிப்பது எப்படி என்றால், இடங்களின் பட்டியலைத் திறந்து பெயர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே ஊர் இரண்டு, மூன்று வரிகளில் வந்தால் காரணம் இதுதான்.

திருத்தத்துக்கு முன் காலவரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1949 ஜூன் முடியத் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. 1969 ஜனவரி 14 முதல் அந்த மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு.

இனி ஒரே ஒரு தக்கலையை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனுடன் இணைத்துவிடுங்கள். பட்டியலில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ்' கொடுத்தால் அவற்றில் இருந்த நிகழ்வுகள் எல்லாம் ஒன்றுக்குள் வந்துவிடும். பிறகு அந்த இடத்தைத் திறந்து 'என்க்ளோஸ்டு பை' என்ற பகுதிக்குப் போங்கள். இந்த இடம் எந்தப் பெரிய இடத்துக்குள் அடங்கும் என்பதை அங்கே கால வரம்புடன் எழுதலாம். ஊருக்கு மேல் தாலுகா, தாலுகாவுக்கு மேல் மாவட்டம் என்று அடுக்கை அமைத்துக்கொண்டால், மேலே சொன்ன தேதிகளை நான்கு தாலுகாக்களுக்கு மட்டும் ஒருமுறை கொடுத்தால் போதும். கீழே உள்ள நூற்றுக்கணக்கான ஊர்களும், வீடும் தோப்புமான விளைகளும் தாமாகவே சரியாகிவிடும். 1921-இல் நடந்த நிகழ்வுக்குத் திருவிதாங்கூர் என்றும், 1988-இல் நடந்ததற்குத் தமிழ்நாடு என்றும் மென்பொருளே காட்டும். வரைபடத்தில் ஒரே குறிதான் இருக்கும். சென்னை மாநிலம், தமிழ்நாடு இரண்டையும் தனித்தனி இடங்களாக்க வேண்டாம். ஒரே மாநிலத்துக்குத் தேதியுடன் இரண்டு பெயர்கள் கொடுங்கள்.

கால வரம்புள்ள அடுக்கு வசதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், இடப்பெயரை இன்றைய வழக்கில் ஒரே மாதிரி எழுதிவிட்டு, ஆவணத்தில் இருந்த சொற்களை அப்படியே சான்றுக் குறிப்பில் வையுங்கள். அன்றைய பெயர்தான் எழுத வேண்டும் என்று சிலர் உறுதியாக நிற்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பாதிப் பதிவுகளில் அன்றைய பெயரும் பாதியில் இன்றைய பெயருமாக இருக்கும் மரத்தை யாராலும் பயன்படுத்த முடியாது. ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

இதில் ஒரு பிழையைத் தயங்காமல் அழித்துவிடலாம். 'தக்கலை, கேரளா' என்று எங்கே கண்டாலும், எந்த ஆண்டுக்கு எதிரே இருந்தாலும், அது தவறு. கேரள மாநிலம் உருவானதே 1956 நவம்பர் 1 அன்றுதான். அதே நாளில் இந்த நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டன. இந்த நான்கு தாலுகாக்களில் உள்ள எந்த ஊரும் ஒருநாளும் கேரள மாநிலத்தில் இருந்ததில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து உறவினர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஊர்கள் கேரளத்திலேயே நின்றன. விளவங்கோட்டிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு 1950-இல் மணமாகிப் போன பெண் ஒரே மாவட்டத்துக்குள் போனார். அவருடைய தங்கை 1958-இல் அதே வழியில் போனபோது மாநிலம் கடந்தார். இருவருக்கும் மாட்டுவண்டிப் பாதை ஒன்றுதான். தேதியுள்ள அடுக்கு இருந்தால் இந்த வேறுபாட்டை நீங்கள் கையால் எழுத வேண்டியதே இல்லை.

தாலுகாவிலும் இதே கவனம் தேவை. திருவட்டாறு, கிள்ளியூர் இரண்டும் அண்மைக்காலத்தில் தனித் தாலுகாக்களானவை. 1930-ஆம் ஆண்டு ஆவணத்தில் 'கல்குளம் தாலுகா திருவட்டாறு' என்றிருந்தால் குழம்ப வேண்டாம், ஊர் அதேதான். கத்தோலிக்கக் குடும்பங்களின் பதிவேடுகளில் மறைமாவட்டமும் இப்படியே மாறியிருக்கும்: கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. மறைமாவட்டத்தை மாவட்ட அடுக்கோடு கலக்காமல் பங்கு ஆலயத்துக்கு மேலே தனி அடுக்காக வையுங்கள்.

அறிகுறி: பிறப்பதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே வீடு வாங்கியதாக எச்சரிக்கை வருகிறது

திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக எண்ணித் தட்டச்சு செய்ததன் விளைவு இது. நம் மாவட்டத்துப் பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்), ஓலைகள், கல்யாணக் குறிப்புகள் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான். கிராம்ப்ஸின் நாட்காட்டிப் பட்டியலில் யூத, இஸ்லாமிய, பாரசீக நாட்காட்டிகள் உண்டு. கொல்லம் ஆண்டு கிடையாது. ஆகவே நாமே மாற்றித்தான் எழுத வேண்டும்.

கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாளில், ஆகஸ்ட் நடுவில், பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் 31 வரை என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆடி முடிய என்றால் 825 கூட்டுங்கள். மலையாளத்தில் எழுதிய ஆவணமாக இருந்தால் சிங்கம் என்பது நம் ஆவணி, மகரம் என்பது தை, கர்க்கடகம் என்பது ஆடி.

'1107-ஆம் ஆண்டு தை மாதம் 9' என்று ஒரு பிரமாணம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தை என்பதால் 825 கூட்ட, 1932 ஜனவரி பிற்பகுதி. அதே 1107 ஆவணி என்றிருந்தால் 824 கூட்ட, 1931. பத்திர எழுத்தர் ஒரே ஆண்டு எண்ணைத்தான் எழுதியிருக்கிறார். நம் மரத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பிரிகிறது. மாதம் தெரியாமல் 1107 என்று மட்டும் இருந்தால் 1931 ஆகஸ்ட்டுக்கும் 1932 ஆகஸ்ட்டுக்கும் இடையில் என்று பதியுங்கள். ஒற்றை ஆண்டாக உருட்டிவிடாதீர்கள். சரியான நாள் வேண்டுமானால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேதி எப்படி மாற்றப்பட்டது என்பதை வேறொருவர் சரிபார்க்க வேண்டுமே, அதற்காகவாவது மூலத் தேதியைச் சான்றுக் குறிப்பில் எழுத்து மாறாமல் வைத்திருங்கள்.

இதே பிழை இன்னொரு வேடத்திலும் வரும். 'தொண்ணூற்றொன்பதில் மூணாற்றிலிருந்து திரும்பி வந்துவிட்டோம்' என்று வீட்டில் சொல்லக் கேட்டு 1899 என்றோ 1999 என்றோ பதிந்திருப்பார்கள். பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பது கொல்லம் 1099. அந்த ஆண்டின் ஆடியில், அதாவது 1924 ஜூலையில், திருவிதாங்கூர் முழுவதையும் புரட்டிய பெருவெள்ளம் வந்தது; மூணாற்றுத் தோட்டங்களும் அதில் சிக்கின. இரண்டு இலக்கத்தில் ஆண்டு சொன்னால், அது எந்தக் கணக்கு என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: குடும்பம் ஓராண்டு மட்டும் வேறு ஊருக்குப் போய்த் திரும்பியதாகத் தெரிகிறது

நம் ஊர் வழக்கம் தெரியாத மென்பொருளின் ஊகங்களில் இதுதான் அதிகம் ஏமாற்றுவது. கணவன் வீடு ஆரல்வாய்மொழி. மூத்த பிள்ளை பிறந்தது இரணியலில். இரண்டாவது பிள்ளை மறுபடி ஆரல்வாய்மொழியில். வரைபடம் குடும்பத்தையே இரணியலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. நடந்தது தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குப் போன பெண் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தாள். யாரும் குடிபெயரவில்லை.

பிற்காலத்தில் அந்த இடத்தை மருத்துவமனை பிடித்துக்கொண்டது. நெய்யூர் ஆஸ்பத்திரியிலும், வடசேரியில் உள்ள கேதரின் பூத் ஆஸ்பத்திரியிலும் பிறந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அந்த இடம்தான் இருக்கும். நான்கு பிள்ளைகளும் நெய்யூரில் பிறந்ததைப் பார்த்துவிட்டு, குடும்பம் நெய்யூர்க் குடும்பம் என்று பேரப்பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

திருத்தம்: பிறப்பிடத்தைத் தொடாதீர்கள், அது உண்மை. அதன் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு வசிப்புப் பதிவு சேர்த்து, அந்தக் காலத்தில் அவர்கள் வீடு எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரின் ஊர் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே நல்ல சான்று. பிறப்பிடத்தை வைத்து நகர்வை ஊகிக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, வசிப்புப் பதிவுகளை மட்டும் வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் முறையிலும் இது உதவும். 'பாட்டா, இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீர்கள்?' என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. 'மாமா நடக்கப் பழகியது எந்த வீட்டு முற்றத்தில்? சித்தி பள்ளிக்கூடம் போனது எந்த வீட்டிலிருந்து?' என்று கேட்டுப் பாருங்கள். பிறந்த இடத்தைக் கேட்பதைவிட இது நம்பகமானது. மாமாவின் பிறந்த ஆண்டும் சித்தியின் பள்ளிச் சான்றிதழும் கையில் இருந்தால் நகர்வு இரண்டு மூன்று ஆண்டு எல்லைக்குள் அடங்கிவிடும்.

அறிகுறி: பத்தாண்டு வாழ்ந்த ஊர், ஒரு நாள் தங்கிய ஊர்போலத் தெரிகிறது

தேதி எழுதும் முறையில் உள்ள பிழை. குடும்ப மரங்களைப் பரிமாறப் பயன்படும் ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவத்திலும், அதைப் பின்பற்றும் மென்பொருள்களிலும் இரண்டு ஆண்டுகளை இணைக்க இரு வழிகள் இருக்கின்றன. 'பிட்வீன் 1931 அண்ட் 1940' என்றால், அந்த இடைவெளியில் எப்போதோ ஒரு நாள் நடந்தது, எந்த நாள் என்று தெரியாது. 'ஃப்ரம் 1931 டு 1940' என்றால், தொடங்கி முடியும்வரை தொடர்ந்து நடந்தது. கிராம்ப்ஸில் முன்னதை 'ரேஞ்ச்' என்றும் பின்னதை 'ஸ்பேன்' என்றும் காண்பீர்கள். வசிப்புக்குப் பின்னதுதான் பெரும்பாலும் வேண்டும். நகர்ந்த நாள் தெரியாதபோது முன்னதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் ஒரு கவனம்: ஆவணம் சொல்லாததை 'ஸ்பேன்' சொல்லிவிடக்கூடாது. 1931 பிரமாணத்திலும் 1940 வரி ரசீதிலும் ஒரே ஊர் இருக்கிறது என்பதற்காக நடுவில் உள்ள ஒன்பது ஆண்டுகளும் அவர் அங்கேயே இருந்தார் என்று உறுதியாகாது. இரண்டு தனித்தனி வசிப்புப் பதிவுகளாக, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சான்றோடு விட்டுவிடுவதே நேர்மை. நடுவில் இலங்கைக்குப் போய்வந்த கடிதம் நாளை ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவரலாம். அதற்கு இடம் இருக்கட்டும்.

அறிகுறி: அப்பா மட்டும் குடிபெயர்ந்தார், அம்மாவும் பிள்ளைகளும் பழைய ஊரிலேயே நிற்கிறார்கள்

வசிப்பு என்பது தனி ஆளுக்கான பதிவு. தந்தையின் பக்கத்தில் எழுதினால் அவருக்கு மட்டும்தான். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குடும்பத்துக்கே உரிய நிகழ்வாகப் பதிவது, ஜெட்காம் 5.5.1 முதல் குடும்பத்துக்கும் வசிப்புப் பதிவு வைக்க முடியும். மற்றது, ஒரே நிகழ்வைப் பலருக்குப் பகிர்வது. கிராம்ப்ஸில் ஆளின் பக்கத்தில் 'ஷேர்' என்று கொடுத்து ஏற்கெனவே உள்ள நிகழ்வைத் தேர்ந்தெடுக்கலாம்.

பகிர்வது வசதியாக இருக்கிறது என்று எல்லோர் தலையிலும் ஒட்டிவிடாதீர்கள். யார் யார் உண்மையில் போனார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். மூத்த மகள் ஏற்கெனவே மணமாகிப் போயிருப்பாள். ஒரு மகன் படிப்புக்காக நாகர்கோவிலில் பெரியப்பா வீட்டில் நின்றிருப்பான். கடைசிப் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைக்கப் போனவர் முதல் சில ஆண்டுகள் தனியாக இருந்துவிட்டுப் பிறகுதான் குடும்பத்தை அழைத்துக்கொண்டிருப்பார். இந்த வேறுபாடுகள்தான் குடும்ப வரலாறு. அவற்றை ஒரே பதிவில் தட்டையாக்கிவிட்டால் மரம் எழுதியதன் பயன் பாதி போய்விடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெட்காம் 5.5.1-இல் தனி ஆளின் நிகழ்வைப் பலருக்குப் பகிர்வதற்கென்று அமைப்பு இல்லை. வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது முதன்மையானவருக்கு மட்டும் நிகழ்வு போய்ச் சேர்ந்து, மற்றவர்கள் கைவிடப்படக்கூடும். மரத்தை உறவினர்களோடு கோப்பாகப் பரிமாறுபவராக இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதே பாதுகாப்பு.

அறிகுறி: வரைபடக் குறி தப்பான ஊரில், அல்லது கடலில் விழுகிறது

கோவளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உல்லாசப் பயணிகள் போகும் கோவளம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றாவது கோவளம். மூன்றும் கடற்கரை ஊர்கள், மூன்றிலும் மீனவக் குடும்பங்கள். பெயரை மட்டும் கொடுத்தால் வரைபடம் கேரளத்துக் கோவளத்தைத்தான் முதலில் நீட்டும். நம் கோவளம் அகலாங்கு ஏறத்தாழ 8.08, நெட்டாங்கு 77.5, திருவனந்தபுரத்துக் கோவளம் 8.4, 77-க்குச் சற்றுக் குறைவு. தானாக வரும் ஆயங்களை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) நம்பாமல், செயற்கைக்கோள் படத்தில் ஆலயக் கோபுரத்தையோ சந்திப்பையோ பார்த்து நீங்களே குறியிடுங்கள்.

குறி வடதுருவக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே விழுந்தால் அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கின்றன. நாகர்கோவில் வடக்கு 8.18, கிழக்கு 77.43. மாற்றி எழுதினால் அங்கேதான் போகும்.

ஒரே ஊருக்குப் பல பெயர்கள் இருப்பது இதற்கு நேர் எதிரான சிக்கல். மார்த்தாண்டத்தைப் பழைய ஆவணங்கள் தொடுவெட்டி என்கின்றன. திங்கள்சந்தை, திங்கள்நகர், ஆங்கிலத்தில் மண்டே மார்க்கெட் எல்லாம் ஒன்று. கேப் காமரின் என்று கடித உறையில் இருப்பது கன்னியாகுமரி. இவற்றைத் தனி இடங்களாக விடாமல் ஒன்றாக இணைத்து, மற்றவற்றை 'ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ்' பகுதியில் சேருங்கள். இணைத்த பிறகு பழைய பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதிவிடுங்கள். தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

விளைப் பெயர்களில் மட்டும் இணைக்கும் கை நிதானமாக இருக்கட்டும். புத்தன்விளை, மேலவிளை போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாகம் பிரிந்து வேறு ஊருக்குப் போன தம்பி, பழைய வீட்டுப்பெயரையே புது வீட்டுக்கும் வைத்துக்கொள்வதும் உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக இணைத்தால் ஒரு உண்மையான நகர்வு மறைந்துபோகும். விளையை எப்போதும் ஊருக்குக் கீழே, கடைசி அடுக்காக வைத்தால் இது நடக்காது.

அறிகுறி: ஒரே காலத்தில் ஒருவர் இரண்டு நாடுகளில் வசிப்பதாகக் காட்டுகிறது

சில நேரம் அது உண்மையே. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவரின் வீடும் மனைவியும் ரேஷன் கார்டும் ஊரில்தான். இரண்டையும் வசிப்பாக எழுதினால் மரம் குழம்பும். ஊர் வீட்டை வசிப்பாகவும், வெளிநாட்டு வேலையைத் தொழில் பதிவாக இடத்துடனும் 'ஃப்ரம்–டு' தேதியுடனும் எழுதுவது என் பரிந்துரை. குடும்பமே அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வசிப்பை மாற்றிக்கொள்ளலாம். கொச்சியில் படகு கட்டி ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர்ப் பகுதி மீனவர்களுக்கும் இதுவே பொருந்தும். பருவத்துக்குப் பருவம் வசிப்பு எழுதினால் வரைபடம் முழுக்கக் கோடுகளாகிவிடும்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் வேறு வகை. அங்கே உண்மையான குடிபெயர்வு நடந்தது. மென்பொருளில் இதற்கு 'எமிக்ரேஷன்', 'இமிக்ரேஷன்' என்று இரண்டு நிகழ்வுகள் உள்ளன. முன்னதற்குப் புறப்பட்ட இடத்தையும் பின்னதற்குப் போய்ச் சேர்ந்த இடத்தையும் எழுத வேண்டும். இரண்டிலும் கொழும்பு என்று எழுதினால் குமரியிலிருந்து கோடே வராது. திரும்பி வந்ததை மறுபடி அதே இரண்டு நிகழ்வுகளாகத் திசை மாற்றிப் பதியுங்கள். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களானால், அவர்களிடம் உள்ள தாயகம் திரும்பியோர் ஆவணங்களில் குடும்ப உறுப்பினர்களும் தேதியும் சேர்ந்தே இருக்கும். அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வழித்தடத்தை வைத்தும் காலத்தைச் சரிபார்க்கலாம். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை 1914-இல் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. '1967-இல் தனுஷ்கோடியில் வந்து இறங்கினோம்' என்று ஒரு நினைவு இருந்தால் ஆண்டு அல்லது துறைமுகம், ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. அவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கலாம், அல்லது வந்தது புயலுக்கு முன்பாக இருக்கலாம். நினைவைத் திருத்தி எழுதாமல் சொன்னபடியே குறிப்பில் வைத்து, தேதியை மட்டும் 'அபவுட்' என்று தளர்த்திவிடுங்கள்.

அறிகுறி: கடலோரக் குடும்பம் இடம் மாறியது மரத்தில் தெரியவே இல்லை

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் பலர் கடலோர வீட்டை விட்டுச் சுனாமிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். ஊர் அதே, பங்கு அதே, அஞ்சல் முகவரியும் பெரும்பாலும் அதே. அதனால் மென்பொருளின் கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கோ அதைவிடப் பெரிய நகர்வு வாழ்க்கையில் கிடையாது.

ஊருக்குக் கீழே இரண்டு தனி இடங்களை உருவாக்குங்கள்: பழைய வீடிருந்த கடற்கரைத் தெரு, புதிய குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆயங்கள் கொடுங்கள். பழைய வீட்டின் வசிப்புக்கு முடிவுத் தேதியாக அந்த நாளை எழுதுங்கள். புதிய வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து தொடங்குங்கள். நடுவில் பள்ளிக்கூடத்திலும் தற்காலிகக் கொட்டகையிலும் இருந்த மாதங்களையும் தனி வசிப்பாக எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். பழைய வீடு எந்த இடத்தில் இருந்தது என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிப்போய்க் கைபேசியில் ஆயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வேறு கணினியில் திறந்தால் ஊர்ப்பெயர்கள் கேள்விக்குறிகளாகின்றன

ஏற்றுமதி செய்த கோப்பின் எழுத்துக் குறியீடு தவறு. பழைய ஜெட்காம் கோப்புகள் அன்செல் என்ற குறியீட்டைப் பயன்படுத்தின. அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஏற்றுமதி செய்யும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2021-இல் வந்த ஜெட்காம் 7.0-இல் யுடிஎஃப்-8 தவிர வேறு குறியீடு கிடையாது. கேள்விக்குறிகளுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. அதை யூனிகோடு மாற்றியில் கொடுத்து மாற்றித் திரும்ப ஒட்டுங்கள்.

நீண்ட குறிப்புகளில் ஆங்காங்கே ஓர் எழுத்து மட்டும் சிதைந்திருந்தால் காரணம் வேறு. 5.5.1 வடிவத்தில் ஒரு வரி 255 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பதால் நீண்ட குறிப்பைத் துண்டு போடுவார்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் பிடிக்கும். பைட் கணக்கில் வெட்டும் மென்பொருள், எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. 7.0-க்கு மாறினால் இது நீங்கும், ஏனெனில் அதில் வரி நீள வரம்பு இல்லை. மாற முடியாதவர்கள் குறிப்புகளைச் சிறு பத்திகளாகப் பிரித்து எழுதலாம்.

கோப்பை உறவினருக்கு அனுப்புமுன் நீங்களே ஒரு வெற்று மரத்தில் அதை இறக்கிப் பாருங்கள். எல்லோரையும் சரிபார்க்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் அதிகம் ஊர் மாறிய ஒருவரை எடுத்து, அவருடைய வசிப்புகள் எல்லாம் வந்திருக்கின்றனவா, 'ஃப்ரம்–டு' தேதி ஒற்றைத் தேதியாகச் சுருங்கிவிட்டதா, கொல்லம் ஆண்டுக் குறிப்பு கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். கால வரம்புள்ள இட அடுக்கு ஜெட்காமில் முழுமையாகப் போகாது; அந்தந்த நிகழ்வின் தேதிக்குரிய இடப்பெயர் மட்டும் காற்புள்ளி போட்ட ஒரே வரியாகப் போகும். அதனால் ஜெட்காம் கோப்போடு மென்பொருளின் சொந்த வடிவில் எடுத்த பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.